இரட்டைக் குழாய் ரெகுலேட்டர்: பழசைப் புதுப்பிப்பதா, லேத்தில் கடைவதா, கலந்து கட்டுவதா?

முதுகிலிருந்து இரண்டு குழாய்கள் வாய்க்கு வரும் பழைய பாணி ஸ்கூபா ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சு அழுத்தத்துக்கு இறக்கும் கருவி) ஒன்றை வீட்டுப் பட்டறையில் செய்துவிட வேண்டும் என்ற ஆசை வந்தால், முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். எந்தப் பாகத்தை நம் கையால் செய்வது, எதை விலைக்கு வாங்குவது? வழிகள் நான்கு. அக்வா மாஸ்டர் என்ற பழைய ரெகுலேட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்துப் புதுப்பிக்கலாம். மிஸ்ட்ரல் என்ற பழைய மாடல் போல, அழுத்தத்தை ஒரே நிலையில் இறக்குவதைச் செய்யலாம். பித்தளைக் கம்பியில் தொடங்கி எல்லாவற்றையும் நாமே கடையலாம். இன்றைய முதல்நிலை (சிலிண்டர் அழுத்தத்தை முதலில் இடைநிலை அழுத்தத்துக்கு இறக்கும் பாகம்) ஒன்றை வாங்கி, மற்றதை மட்டும் செய்யலாம். என் ஓட்டு நான்காவதற்கு.

நான்குக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. 1943ல் பிரான்சில் எமில் காக்னான் கொண்டுவந்த வால்வு, போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார் எஞ்சினுக்கு எரிவாயு ஊட்டுவதற்கான வால்விலிருந்து பிறந்தது. அவரும் கடற்படை அதிகாரி கூஸ்தோவும் மார்ன் ஆற்றில் அதைச் சோதித்தபோது, படுத்து நீந்தினால் மூச்சு சரியாக வந்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழானால் இழுக்கவே வரவில்லை. விடும் மூச்சு வெளியேறும் இடமும், இழுக்கும் மூச்சை உணர்ந்து வால்வைத் திறக்கும் சவ்வான டயாஃப்ரமும் வெவ்வேறு ஆழத்தில் இருந்ததுதான் கோளாறு. வெளியேற்றும் வால்வை டயாஃப்ரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்ததும் சரியாகிவிட்டது. விடும் மூச்சை ஒரு குழாய் மறுபடி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது இதற்காகத்தான். நீங்கள் எந்த வழியில் போனாலும் வாத்து அலகு எனப்படும் அந்த வெளியேற்றும் வால்வு டயாஃப்ரத்தின் நடுப்பகுதியை ஒட்டியே இருக்க வேண்டும்.

பழசைப் புதுப்பிப்பது

யு.எஸ். டைவர்ஸ் நிறுவனத்தின் அக்வா மாஸ்டர்தான் இதற்கு நல்ல தொடக்கம். டிஏ அக்வா மாஸ்டரில் முதல்நிலை சமன்செய்யப்படாதது. சிலிண்டரில் காற்று குறையக் குறைய அதன் இடைநிலை அழுத்தம் மெல்ல ஏறும். பின்னால் வந்த ராயல் அக்வா மாஸ்டரில் சமன்செய்த முதல்நிலை இருப்பதால் மூச்சு கடைசி வரை ஒரே மாதிரி வரும். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் ராயலை எடுங்கள்.

இந்த வழியின் பெரிய பலம், அளவுகளை எல்லாம் தொழிற்சாலையே சரியாக வைத்துவிட்டுப் போயிருப்பது. கல்லாகிப்போன ரப்பருக்குப் பதில் சிலிகான் டயாஃப்ரம், சிலிகான் வாத்து அலகு, புது நெளிகுழாய் எல்லாம் இப்போது செய்து விற்கிறார்கள். குறைகளும் உண்டு. பழைய உடலில் அழுத்தமானிக்கோ இரண்டாவது மவுத்பீஸுக்கோ துளை கிடையாது. அமெரிக்காவில் பீனிக்ஸ் என்ற பெயரில் துளைகளோடு வந்த மாற்று உடல் இதற்காகவே உருவானது. அடுத்தது, ரெகுலேட்டரைச் சிலிண்டரோடு இறுக்கிப் பிடிக்கும் நுகக் கவ்வி. 2,250 பிஎஸ்ஐ, அதாவது சுமார் 155 பார் சிலிண்டர்கள் ஓடிய காலத்துச் சாமான் அது. இன்றைய அலுமினிய 80 சிலிண்டர் 207 பார். தடிமனான புதிய கவ்வி மாட்டாமல் அதைத் தண்ணீருக்குக் கொண்டுபோகக் கூடாது. குரோம் முலாமுக்கு அடியில் பித்தளை அரித்திருந்தால், அதிலும் உயரழுத்தத் துளையின் விளிம்பில் அரித்திருந்தால், அந்த உடலை அலமாரியில் அழகுக்கு வைத்துவிடலாம்.

ஒரே நிலை: மிஸ்ட்ரல் வழி

1955ல் வந்த மிஸ்ட்ரலைப் பிரித்துப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். சிலிண்டர் அழுத்தத்தை ஒரே வால்வு நேராக மூச்சு அழுத்தத்துக்கு இறக்கிவிடுகிறது. பாகங்கள் குறைவு என்பதால் வீட்டில் செய்ய இதுவே சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மி.மீ துளையில் 200 பார் அழுத்தம் என்றால் வால்வின் மேல் ஆறு கிலோவுக்கும் அதிகமான விசை. 100 மி.மீ விட்டமுள்ள டயாஃப்ரத்தை ஓர் அங்குல நீர் அளவுக்கு, அதாவது 2.5 மில்லிபார், உறிஞ்சினால் கிடைப்பது சுமார் 200 கிராம். முப்பது மடங்குக்கு மேல் பெருக்கும் நெம்புகோல் வேண்டும். அது உராயாமல், ஆடாமல், தேயாமல் இருக்கவும் வேண்டும். இதில் காற்றழுத்தம் வால்வை மூடும் பக்கமாகத் தள்ளுவதால், சிலிண்டர் நிறைந்திருக்கும்போது திறக்கக் கூடுதல் முயற்சி தேவை. பெரும்பகுதியை வெஞ்சுரி ஈடுகட்டுகிறது: காற்றுத் தாரை உள்ளிழுக்கும் குழாய்க்குள் நேராகப் பாய்ந்து டயாஃப்ரத்தைத் தானே கீழே இழுத்துக்கொள்ளும். அழகான ஏற்பாடுதான். ஆனால் இடைநிலை அழுத்தமே இல்லாததால், கூட வருபவருக்குக் கொடுக்க ஆக்டோபஸை, அதாவது உபரி மவுத்பீஸை, இதில் மாட்ட முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே இதை நான் ஒதுக்குகிறேன்.

எல்லாவற்றையும் நாமே கடைவது

லேத் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. தயவுசெய்து உயரழுத்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். 3 மி.மீ துளையில் 200 பார் என்றால் பதினான்கு கிலோவுக்கு மேல் விசை. அதைத் தாங்கும் வால்வு விளிம்பு வட்டம் பிசகாமல், கீறல் இல்லாமல், கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், இடைநிலை அழுத்தம் ஊர்ந்து ஏறிக்கொண்டே போகும். பழைய இரும்புக் கடையில் வாங்கிய பித்தளையின் தரம் என்ன, உள்ளே நுண்துளை இருக்கிறதா என்பதை வீட்டில் அறிய வழியில்லை. 1950களில் பிரிட்டனில் வீட்டிலேயே ரெகுலேட்டர் செய்த அமெச்சூர் முக்குளிப்பவர்கள்கூட, போர் உபரியாக வந்த விமானப்படை ஆக்சிஜன் சாமான்களையும் கேலர் எரிவாயு ரெகுலேட்டரையும்தான் மாற்றியமைத்தார்கள். துணிச்சலுக்குக் குறைவில்லாத அந்தத் தலைமுறையும் தொழிற்சாலை வால்விலிருந்துதான் தொடங்கியது.

கலந்து கட்டுவது

சரி, நான்காவது வழி. சமன்செய்த டயாஃப்ரம் வகை முதல்நிலை ஒன்றை நல்ல நிலையில் வாங்குங்கள். யு.எஸ். டைவர்ஸின் கான்ஷெல்ஃப் பரம்பரையில் வந்தது எதுவானாலும் சரி. அழுத்தமானிக்கும் ஆக்டோபஸுக்கும் துளைகள் தயாராக இருக்கும். பழைய உலோகப் பெட்டி ஒற்றைக் குழாய் ரெகுலேட்டரிலிருந்து வால்வு உருளையையும் நெம்புகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று ஓடும் திசையிலேயே திறக்கும் வகையாக அது இருக்க வேண்டும். முதல்நிலை கசிந்து அழுத்தம் ஏறினால் அந்த வகை தானே திறந்து காற்றை வெளியே விட்டுவிடும். எதிர்த்திசையில் திறக்கும் வகை இன்னும் இறுக மூடிக்கொள்ளும்.

இனி நம் கைவேலை. பெட்டி இரண்டு பாதி. உடம்பை ஒட்டிய பாதியில் வால்வும் வலப்பக்க உள்ளிழுக்கும் குழாயும் வரும். துளைகளுள்ள வெளிப்பாதியில் தண்ணீரும், வாத்து அலகும், இடப்பக்கக் குழாயும். இரண்டுக்கும் நடுவே டயாஃப்ரம். பாத்திரப் பட்டறைகளில் செய்வதுபோல, மர அச்சின் மேல் பித்தளைத் தகட்டைச் சுழலவிட்டு அமுக்கி இந்தப் பாதிகளை எடுக்கலாம். குழாய் முனைகளை வெள்ளிப் பற்று வைத்துப் பொருத்தலாம். இங்கே தவறு நேர்ந்தால் கசிவோடு போகும். பெட்டியை மறுபடி செய்துகொள்ளலாம்.

பழைய பாணியின் உண்மையான அனுகூலம் கிடைப்பதும் இந்தப் பெட்டியில்தான். 70 மி.மீ டயாஃப்ரத்தைவிட 100 மி.மீ டயாஃப்ரம் அதே உறிஞ்சலுக்கு இரண்டு மடங்கு விசை தரும். கடன் வாங்கிய நெம்புகோல் மூடியைப் போட்டதும் டயாஃப்ரத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். வால்வு வாயிலிருந்து ஒரு சின்னக் குழாயை உள்ளிழுக்கும் பக்கம் திருப்பிவிட்டால் வெஞ்சுரியும் கிடைக்கும். அளவுக்கு மீறித் திருப்பினால் காற்று நிற்காமல் கொட்டும். அப்புறம் மவுத்பீஸின் இரு பக்கமும் ஒருவழி வால்வு கட்டாயம். தொடக்ககாலத்து மவுத்பீஸ்களில் அது இல்லை. இல்லாவிட்டால் குழாயில் தங்கும் பழைய மூச்சையே திரும்ப இழுப்போம், கார்பன் டை ஆக்சைடு சேரும்.

இவ்வளவு நுணுக்கமாகச் செய்துவிட்டு ரெகுலேட்டரைக் கழுத்துக்கு மேலே மாட்டினால் எல்லாம் வீண். குப்புற நீந்தும்போது டயாஃப்ரம் நுரையீரலைவிட 15 செ.மீ மேலே இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் 15 மில்லிபார் கூடுதல். ஐரோப்பியத் தரமான இஎன் 250, 50 மீட்டர் ஆழத்தில் நிமிடத்துக்கு 62.5 லிட்டர் மூச்சோட்டத்தில், உச்ச அழுத்தமாக அனுமதிப்பதே 25 மில்லிபார்தான். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, முதுகை ஒட்டி உட்கார வேண்டும். இன்றைய ஜாக்கெட்டுகள் சிலிண்டரை மேலே தூக்கிப் பிடிக்கின்றன. பட்டையை இறக்கிக் கட்டுங்கள், அல்லது முதுகில் மட்டும் காற்றுப்பை உள்ள வகைக்கு மாறுங்கள்.

தண்ணீருக்கு முன்னால் மேசைச் சோதனை. முதல்நிலை 9 முதல் 10 பாருக்குள் நின்று, பத்து நிமிடம் முள் அசையாமல் இருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை யு வடிவில் வளைத்து இணைத்து உறிஞ்சினால், 25 முதல் 35 மி.மீ வேறுபாட்டில் வால்வு திறக்க வேண்டும். பெட்ரோலிய கிரீஸ் எங்கும் படக் கூடாது, சிலிகான் மட்டும். அதன் பிறகு நீச்சல் குளத்தின் நிற்கும் ஆழத்தில், தனிக் காற்றோடு ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குப்புற, மல்லாக்க, இரு பக்கமும் சாய்ந்து மூச்சு விட்டுப் பாருங்கள். மவுத்பீஸில் தண்ணீர் புகுந்தால் இடப்பக்கம் உருண்டு ஊதினால் வெளியேறிவிடும். இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை குளத்தை விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள்.