சின்ன காருக்கு ரேஸிங் பெடல்: கிளிப் மாட்டுவதா, துளை போடுவதா, சும்மா விடுவதா?

ஸ்விஃப்ட் மாதிரி ஒரு சின்ன மேனுவல் வண்டிக்கு ரேஸிங் பெடல் தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆசைகளில் ஒன்று இருக்கும். கதவைத் திறந்ததும் கீழே அலுமினியம் பளபளக்க வேண்டும் என்பது முதல் ஆசை. பிரேக்கை மிதித்தபடியே அதே காலால் ஆக்சிலரேட்டரையும் ஒரு தட்டு தட்டி கியரைக் குறைக்க வேண்டும், அதாவது ஹீல் அண்ட் டோ பழக வேண்டும் என்பது இரண்டாவது. முதல் ஆசைக்கு எதைப் போட்டாலும் சரி, கழன்று விழாமல் இருந்தால் போதும். இரண்டாவதற்கு, மூன்று பெடல்களின் மேலும் மாட்டும் தகடுகளில் உண்மையில் வேலை செய்வது ஆக்சிலரேட்டர் தகடு மட்டும்தான். மற்ற இரண்டும் பார்க்க ஜோடியாக இருக்கட்டும் என்று வருபவை. ஆனால் கடையில் எல்லாமே செட்டாகத்தான் விற்கிறார்கள், குழப்பமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு வருகிறோம், கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி மூக்கைக் கீழே குத்தும், ஏனென்றால் இரண்டாவது கியருக்கு இன்ஜின் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும், அந்த வேகத்தைச் சக்கரங்களே இழுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கிளட்ச் உள்ளே இருக்கும்போதே ஆக்சிலரேட்டரைத் தட்டி ஆர்.பி.எம்.மை ஏற்றிவிட்டால் குலுங்கல் இருக்காது. பாதத்தின் இடது பாதி பிரேக்கில், வலது விளிம்பு ஆக்சிலரேட்டரில். இதற்குத் தடையாக இருப்பவை இரண்டு: பல ஹேட்ச்பேக்குகளில் இரண்டு பெடலுக்கும் நடுவே இடைவெளி அதிகம், ஆக்சிலரேட்டர் பிரேக்கைவிட ஆழத்திலும் இருக்கும். கம்பெனிக்காரர்கள் வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறார்கள், பதற்றத்தில் ஒருவர் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடக் கூடாதே. எனவே எந்தப் பெடலை எடைபோட்டாலும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இடைவெளியும் உயரமும் மாறுகிறதா?

முதலில் கிளிப் வகை. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கும், பெரிய பிராண்டின் பெயரை அச்சடித்த டூப்ளிகேட்டும் ஏராளம். பழைய ரப்பரைக் கழற்றாமல் அதன் மேலேயே தகட்டை வைத்து, பின்னால் வளைந்த கொக்கிகளைப் போட்டு ஆலன் கீயால் இறுக்குவார்கள். சிக்கல் அந்த ரப்பரில்தான். மிதிக்க மிதிக்க ரப்பர் அமுங்கும், கொக்கி தளரும், தகடு மெல்லத் திரும்பும். நண்பர் ஒருவருடைய வண்டியில் பிரேக் தகடு இப்படித் திரும்பி, அதன் மூலை ஆக்சிலரேட்டர் பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அவர் ஓட்டும்போது உணரவே இல்லை, ஷூ லேசு கட்டக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. கழன்ற தகடு பிரேக் பெடலுக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டருக்கு வேண்டுமானால் ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாம் என்பார்கள் சிலர், பிரேக்கில் இந்த வகையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், இலவசமாகக் கொடுத்தாலும்.

அடுத்தது துளை போட்டு போல்ட் மாட்டும் வகை. ஸ்பார்கோ, ஓ.எம்.பி., மோமோ போன்றவர்கள் விற்பது பெரும்பாலும் இது. தகட்டில் நிறைய துளைகள் இருக்கும், அதனால் வலது இடது, மேலே கீழே என்று நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். நமக்கு வேண்டிய இடைவெளி இங்கேதான் கிடைக்கிறது. ஆக்சிலரேட்டர் தகட்டை இடது பக்கமாகத் தள்ளி வைத்தால் பாதத்தைத் திருப்பாமலே எட்டும். ஆனால் ரொம்பத் தள்ளிவிடாதீர்கள். என் கணக்கில் இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குக் கீழே போனால், அகலமான ஷூ போட்டுக்கொண்டு அவசரமாகப் பிரேக் அடிக்கும்போது ஆக்சிலரேட்டரும் சேர்ந்து இறங்கும்.

உயரத்தைப் பார்க்கும் விதத்தில்தான் பல மெக்கானிக்குகள் சறுக்குகிறார்கள். இன்ஜினை அணைத்து வைத்துப் பிரேக்கை அழுத்திப் பார்ப்பார்கள். நம் மிதிக்கு பலம் சேர்க்கும் பூஸ்டரில் வாக்குவம் தீர்ந்ததும் பெடல் கல்லாக மேலேயே நின்றுவிடும், அந்த உயரம் பொய். இன்ஜின் ஓட, நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு நிஜமாகவே பலமாக அழுத்துங்கள். அந்த நிலையில் பிரேக் தகடு ஆக்சிலரேட்டருக்குச் சமமாகவோ கொஞ்சம் மேலேயோ நிற்க வேண்டும். கீழே போனால் ஆக்சிலரேட்டர் தகட்டுக்கு அடியில் உயரத்துக்காக வைக்கும் ஸ்பேசரைக் குறையுங்கள். பிரேக்கில் பழைய ரப்பரைக் கழற்றும்போதே பெடல் முகம் ரப்பரின் தடிமன் அளவுக்குக் கீழே போய்விடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ரப்பரை எடுத்து மெல்லிய தகட்டைப் போட்டு, ஆக்சிலரேட்டரில் மட்டும் ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் கணக்கு இரண்டு பக்கமும் உதைக்கும்.

துளை போடுவதிலும் இரண்டு பெடலும் ஒன்றல்ல. பிரேக் முகம் இரும்புத் தகடு, அது தண்டோடு வெல்ட் ஆகியிருக்கும் இடத்தை விட்டுத் தள்ளித் துளையுங்கள், துளையின் விளிம்பில் ஒரு சொட்டு பெயின்ட் தொட்டு வையுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்து ஈர ஷூவுக்கு அங்கே துரு ஏறும். இப்போதைய கார்களில் ஆக்சிலரேட்டர் பிளாஸ்டிக், அதற்கு மேலே மின்னணு சென்சார். உடைத்துவிட்டால் முழு அசெம்பிளியையும் மாற்ற வேண்டும். ஆகவே பின்னால் அகலமான வாஷர், அதிர்வில் தளராத நைலாக் நட், அளவான இறுக்கம். போல்ட்டின் வால் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கார்பெட்டில் இடித்து முழு ஆக்சிலரேட்டர் இறங்காது, அதைவிட மோசம், கார்பெட் நூலில் சிக்கி மேலே வராமல் நிற்கலாம். உபரியை அறுத்துவிடுங்கள். கனமான தகடும் வேண்டாம், பெடலைத் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் பழைய எடைக்காகச் செய்தது.

இதே இடத்தில் காலடியில் விரிக்கும் மேட் (mat) பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2009இல் டொயோட்டா அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததற்கு ஒரு காரணம், மேட்டில் ஆக்சிலரேட்டர் மாட்டிக்கொண்டதுதான். அதுவும் கம்பெனிப் பெடலில். கீழ்ப்பக்கம் நீளமான ரேஸிங் தகடு, அதன் அடியில் 7டி மேட் என்ற பெயரில் போடும் தடித்த மெத்தை, இந்தக் கூட்டணி ஆகாது. கிளட்சும் மேட்டில் இடித்து முழுசாக இறங்காமல் கியர் கரகரக்கும், கியர்பாக்ஸ் போய்விட்டதோ என்று பயந்துகொண்டு சுற்றுவீர்கள்.

மூன்றாவது, கம்பெனியே செய்யும் ஸ்போர்ட் பெடல். வெளிநாட்டில் விற்ற ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் உலோகப் பெடல்தான். இங்கே 2021இல் வந்த ஹூண்டாய் ஐ20 என் லைனிலும் உலோகம்தான், தொடக்கத்தில் அதில் கிளட்ச் தானாக இயங்கும் ஐ.எம்.டி., ஆட்டோமேட்டிக்கான டி.சி.டி. என்ற இரண்டு கியர்பாக்ஸ்தான் இருந்ததால் கிளட்ச் பெடலே கிடையாது, 2023இல்தான் மேனுவல் வந்தது. கம்பெனி உறைகள் ரப்பர் இருந்த இடத்தில் பிசகாமல் உட்காரும், துளை வேண்டாம், உலோகத்துக்கு நடுவே ரப்பர் புள்ளிகள் துருத்திக்கொண்டிருக்கும், தரத்தில் முதல் வகை இதன் பக்கத்தில்கூட வராது. ஒரே குறை, இடைவெளி அப்படியேதான் இருக்கும். அதாவது அழகுக்கு ஆசைப்பட்டவருக்கு முதல் பரிசு இது, ஹீல் அண்ட் டோ ஆளுக்கு இதில் ஒன்றுமில்லை. வேற்று மாடலின் உறையை வாங்கினால் முதலில் உங்கள் பெடல் முகத்தை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பெடல் பாக்ஸ் என்று ஒன்று உண்டு, பெடல்களை மொத்தமாகவே மாற்றுவது, டில்டன், வில்வுட் போன்றவர்கள் செய்வது. பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பங்கு பிரிக்கும் பேலன்ஸ் பார், பூஸ்டர் கிடையாது. முன்சக்கர ஓட்டமுள்ள கார்களில் பிரேக் லைன் பொதுவாகக் குறுக்காகப் பிரிந்திருக்கும், இதைப் போட்டால் எல்லாவற்றையும் முன் பின் என்று மாற்ற வேண்டும், ஏ.பி.எஸ். கதை அதோடு முடிந்தது. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி ஸ்பீட்வேயிலோ ரேஸுக்கென்றே ஓடும் வண்டிக்கு சரி. ஆபீஸ் போகிற வண்டிக்கு இதைப் பேசுவதே வீண்.

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான், அதைக் கேவலமாக நினைக்காதீர்கள். நம்மில் பாதிப் பேர் செருப்போடோ வெறுங்காலோடோ ஓட்டுகிறவர்கள். நனைந்த ரப்பர் செருப்பு வெறும் அலுமினியத்தில் வழுக்கும், வெறுங்காலுக்கோ துளை விளிம்புகள் உறுத்தும். பழைய ரப்பர் இரண்டுக்கும் பிடித்துக்கொள்ளும். தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால் புது ஜெனியூன் ரப்பர், கூடவே மெல்லிய அடிப்பாகமுள்ள தட்டையான ஷூ, இவையே காலுக்குப் பெரிய வித்தியாசத்தைக் காட்டும்.

எனக்கு வண்டி கொடுத்து முடிவைக் கேட்டால்: கிளட்சிலும் பிரேக்கிலும் கம்பெனி ரப்பர் அப்படியே இருக்கட்டும், ஆக்சிலரேட்டரில் மட்டும் போல்ட் வகைத் தகடு, அரை அங்குலம் இடது பக்கம் தள்ளி. பார்க்க ஒற்றைக் கம்மல் மாதிரி இருக்கும், பரவாயில்லை. பிரேக்கில் துளையே போடாததால் வாரண்டி, இன்சூரன்ஸ் பேச்சு வந்தாலும் தலைவலி குறைவு. செட்டாகத்தான் வாங்க முடியும் என்றால் மீதி இரண்டையும் டப்பாவிலேயே வையுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு குனிந்து நட்டுகளைக் கையால் அசைத்துப் பாருங்கள், அப்புறம் சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பாருங்கள், காரைக் கழுவிவிட்டு மேட்டைத் திரும்பப் போடுகிறவர் அதன் கொக்கியை மாட்டினாரா என்பதையும் சேர்த்து.