படபடப்பு முதலிலா, பயம் முதலிலா? மூன்று கோட்பாடுகள்

ராத்திரி தெருமுனையில் நாய் ஒன்று பாய்ந்து வருகிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பயமும் வருகிறது. எது முதலில்?

உடல்தான் என்றார் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ், 1884இல். நடுங்குவதால்தான் பயப்படுகிறோம், அழுவதால்தான் வருந்துகிறோம். மறு ஆண்டே டென்மார்க் மருத்துவர் கார்ல் லாங்கெயும் கிட்டத்தட்ட இதையே சொல்ல, இருவர் பெயரும் சேர்ந்துகொண்டது.

ஹார்வர்டின் உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1927இல் இதை மறுத்தார். பயத்தில் மட்டுமா இதயம் வேகமாகத் துடிக்கிறது? கோபத்திலும் காய்ச்சலிலும்கூடத்தான். பிறகு துடிப்பை வைத்துப் பயத்தை எப்படி அடையாளம் காண்பது? அவரும் அவர் மாணவர் பிலிப் பார்டும் சொன்ன மாற்று: மூளை, உடலையும் உணர்வையும் ஒரே சமயத்தில் கிளப்பிவிடுகிறது. மறுப்பு வலுவானது. ஆனால் படபடப்போடு வாழ்பவருக்கு இந்த மாற்றில் பிடிமானம் எதுவும் இல்லை.

எனக்கு நெருக்கமானது மூன்றாவது. 1962இல் உளவியலாளர்கள் ஷாக்டரும் சிங்கரும், வைட்டமின் பார்வையை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கும் ஊசி என்று சொல்லி, மாணவர்களுக்கு உடலைப் படபடக்க வைக்கும் அட்ரினலினைப் போட்டார்கள். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்று சிலரிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு ஒவ்வொருவரும் காத்திருந்த அறைக்கு, ஆய்வாளர்களின் ஆள் ஒருவர் சக மாணவராக வந்தார். சிலர் முன்னால் அவர் காகிதத்தைக் கசக்கி எறிந்து, ராக்கெட் விட்டு ஆட்டம் போட்டார். வேறு சிலர் முன்னால் கேள்வித்தாளைப் பார்த்துக் கொதித்தார். படபடப்புக்குக் காரணம் தெரியாதவர்களைத்தான் அந்த மனநிலை அதிகம் தொற்றியது. அதாவது, உடல் கிளர்ச்சியைத் தருகிறது. அதற்குப் பெயர் வைப்பது நம் மனம்.

இந்த முடிவு பாறைபோல் உறுதியானதல்ல. 1979இல் மார்ஷலும் ஜிம்பார்டோவும் திரும்பச் செய்து பார்த்தபோது இதே விளைவு கிடைக்கவில்லை. விளங்காத படபடப்பு பெரும்பாலும் கெட்ட உணர்வாகவே முடிகிறது என்ற கருத்தும் வந்தது. பாடப்புத்தகங்கள் இதைச் சொல்லாமல் விடுவது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

இருந்தும், மன அழுத்தத்தில் இருப்பவருக்குக் கைகொடுப்பது இந்தப் பார்வைதான். ஆய்வாளர் அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உரை நிகழ்த்தும் முன் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். துடிக்கும் இதயத்தை அடக்குவது கடினம், அதன் பெயரை மாற்றுவது எளிது. வைவா எனும் வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் பிள்ளையிடம் "டென்ஷன் ஆகாதே" என்பதைவிட, "உடம்பு தயாராகிவிட்டது, அதுதான் இந்தப் படபடப்பு" என்று சொல்லிப் பாருங்கள்.