வேன் ஜன்னல் ஒழுகலுக்குக் கொடுத்த 18,500 ரூபாய்

நேற்று மச்சினனும் நானும் வேனின் ஒரு ஜன்னலைக் கழற்றிப் பார்த்தோம். பார்த்த கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் பட்டறைக்காரருக்குப் பாவம் பார்த்துவிடுவேன். 18,500 ரூபாய்!

2009 மாடல் பழைய வேன். சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டு, குடும்பத்தோடு போய்வர வைத்திருக்கிறேன். ஆறு ஜன்னலும் அக்ரிலிக், அதாவது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக், ஸ்க்ரூ போட்டு முடுக்கியவை. போன ஐப்பசி மழையில் ஒழுக ஆரம்பித்தது. ஈரோட்டுப் பக்கம் பாடி கட்டும் பட்டறை ஒன்றைக் கைகாட்டினார்கள்.

நம்பியது எப்படி என்று சொல்கிறேன். ஓனர் டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே நின்ற வேறொரு வேனின் ஜன்னல் மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார். "உள்ளே கையை வெச்சுப் பாருங்ணா" என்றார். வைத்துப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. "அஞ்சு வருசத்துக்கு ஒரு சொட்டு வராதுங்க, வந்தா என்னைக் கேளுங்க." ஒரு செம்புத் தண்ணீரில் விழுந்தவன் நான். 10,000 அட்வான்ஸ், வண்டி எடுக்கும்போது ஜிபேயில் 8,500. பில் கேட்டால், "நமக்குள்ள என்னங்ணா பில்லு?" வண்டிக்குள் வினிகர் வாடை குப்பென்று அடித்தது. "இம்போர்ட்டட் பேஸ்டுங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

அடுத்த வாரமே வால்பாறை போனோம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ராத்திரி ஒரு மணிக்கு அம்மா எழுப்பினார்: "சாமி, பாய் நனையுதடா." ஒழுகல் ஜன்னலுக்குக் கீழேகூட இல்லை, இரண்டடி தள்ளி, பிளைவுட் இணைப்பிலிருந்து சொட்டியது. விடியும்வரை அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தே இருந்தார்.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. திங்கட்கிழமை வாங்க. ஓனர் பெருந்துறை போயிருக்கார். பையன் லீவு. நேரில் போய் நின்றபோது, "மழை விட்டதும் பாக்கலாங்ணா" என்றார். மழை விட்டபின் ஒழுகலை எப்படிப் பார்ப்பது? கடைசியாகக் கேட்டது: "பதினஞ்சு வருச வண்டி ஒழுகாம என்ன பண்ணும்?" இது 18,500 வாங்கும்போது தெரியாதா? இப்போது போனையே எடுப்பதில்லை.

மச்சினன் கொச்சியில் பாய்மரப் படகுப் பட்டறையில் வேலை செய்கிறான். படகு கேபினுக்கும் இதே அக்ரிலிக் ஜன்னல், இதே ஒழுகல்தானாம். கழற்றியதுமே, "மாமா, பழசைச் சுரண்டவே இல்லை" என்றான். கறுத்து இறுகிப்போன பழைய சிலிக்கான் பேஸ்ட் அப்படியே இருக்கிறது, மேலே புதுசை இழுகியிருக்கிறார்கள். பழைய சிலிக்கான் மேல் புதுசு ஒட்டாது. நகத்தால் ஒரு முனையைக் கிளப்பினான், இடியாப்பம் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. வினிகர் வாடை வரும் சிலிக்கான் காயும்போது அமிலம் விடுமாம், இரும்புக்கு ஆகாது. ஜன்னலின் இரும்புச் சட்டத்தில் துரு ஏறிக் கிடக்கிறது. ஒரு மீட்டர் அக்ரிலிக் 30 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டர் நீளும், இரும்பு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. அதனால் ஸ்க்ரூவை விடத் துளை பெரிதாக இருக்க வேண்டும், இடையில் பேஸ்ட் கனமாக நிற்க வேண்டும். இவர்கள் துளையை ஸ்க்ரூ அளவுக்கே போட்டு, பேஸ்ட் பிதுங்கி வெளியே வரும்வரை முடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மயிரிழை விரிசல். பெயின்ட் தின்னர் போட்டுத் துடைத்திருப்பார்கள் என்கிறான். தின்னர் பட்டால் அக்ரிலிக் விரிசல் விடும். ஆக, ஒழுகலை அடைக்கக் கொடுத்து ஜன்னலையும் தொலைத்தேன்.

எப்படிச் செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பழைய சிலிக்கானைச் சுரண்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். தின்னர் டப்பாவைக் கண்டால் தடுங்கள். உள்பக்கப் பிளைவுட்டைக் கழற்றி வைத்து, ஓஸ் பைப்பில் அரைமணி நேரம் தண்ணீர் அடித்துப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். செம்பு கதையே வேண்டாம். பில் வாங்குங்கள். 1915க்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் கொடுக்கலாம் என்கிறான் மச்சினன். கையில் இருப்பது 8,500க்கான ஜிபே ஸ்கிரீன்ஷாட் மட்டும். அந்த 10,000 கையில் கொடுத்தது.

மேற்கே கறுத்துக்கொண்டு வருகிறது. கழற்றிய ஜன்னல் இன்னும் திண்ணையில் கிடக்கிறது, தார்ப்பாய் கட்டப் போகிறேன்.