லைவில் டர்க்காய்ஸ் மாலை வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஹூஸ்டனில் ரோடியோ என்ற கௌபாய் திருவிழா தொடங்கும் முன் வரும் வெள்ளிக்கிழமை 'கோ டெக்ஸன் டே'. அன்று ஆபீஸில் பாதிப் பேர் பூட்ஸும் தொப்பியுமாகத்தான் வருவார்கள். அதற்குப் போட்டுக்கொள்ளலாம் என்று, ஃபேஸ்புக் லைவில் விற்கும் ஒரு குடும்பக் கடையில் டர்க்காய்ஸ் என்ற நீலக் கல் பதித்து, பூ வடிவ மணிகள் கோத்த 'ஸ்குவாஷ் பிளாசம்' மாலை ஒன்று வாங்கினேன். 280 டாலர். விவகாரம் இன்னும் வங்கியில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

லைவில் கணவன், மனைவி, பின்னால் குதிரை லாயம், குறுக்கே ஓடும் குழந்தை. நாலு தலைமுறையாக மாட்டுப் பண்ணை நடத்துகிறார்களாம், சமையலறை மேஜையில் வைத்துத்தான் பார்சல் கட்டுகிறார்களாம். மாலையைத் தூக்கிக் காட்டி, "ஸ்லீப்பிங் பியூட்டி டர்க்காய்ஸ், ஸ்டெர்லிங் சில்வர், நவஹோ கைவேலை" என்றார் அந்த அம்மா, அதாவது அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ இனத்தவர் கையால் செய்தது என்று. மூன்றுமே பொய்.

ஸ்லீப்பிங் பியூட்டி என்பது அரிசோனாவில் குளோப் ஊர்ப் பக்கம் இருக்கும் சுரங்கம். அங்கே டர்க்காய்ஸ் எடுப்பது 2012லேயே நின்றுவிட்டது. இப்போது கைமாறுவதெல்லாம் பழைய இருப்பு, அதனால் விலையும் அதிகம். எனக்கு வந்த கல்லின் பின்பக்கத்தில், அசிட்டோன் நனைத்த பஞ்சால் லேசாகத் தேய்த்தார் எங்கள் பக்கத்து நகைக்காரர். பஞ்சு பளீரென்று நீலமாகிவிட்டது, தேய்த்த இடம் வெளுத்துவிட்டது. ஹவுலைட் என்ற மலிவான வெள்ளைக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

உலோகத்திலும், ஸ்டெர்லிங் சில்வரில் வழக்கமாக இருக்கும் 925 முத்திரை இல்லை. நம்ம ஊரில் ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுக்கும் ஜெர்மன் சில்வர் இருக்கிறதே, அதேதான். செம்பு, நிக்கல், துத்தநாகம் மட்டும். வெள்ளி ஒரு துளி கிடையாது. நிக்கல் எனக்கு ஒத்துக்கொள்ளாது, கழுத்தைச் சுற்றிச் சிவந்து ஒரே அரிப்பு.

இதைவிட மோசம் கொக்கிதான். பூர்வகுடிப் பாணி நகையை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தால், செய்த நாட்டின் பெயரை அழியாதபடி அதில் பொறிக்க வேண்டும் என்பது பொதுவான சுங்க விதி. என் மாலையின் கொக்கியில் சின்னதாக ஒரு இடம் மட்டும் அரத்தால் ராவியது போல் கீறலாக இருந்தது. என்ன இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று விற்பது, 1990இல் வந்த இந்தியக் கலை மற்றும் கைவினைச் சட்டப்படி (இங்கே 'இந்திய' என்றால் அமெரிக்கப் பூர்வகுடி) குற்றம். விற்றது மொத்தம் 1,000 டாலரோ அதற்கு மேலோ என்றால், தனிநபர் முதல்முறை மாட்டினாலே 2,50,000 டாலர் வரை அபராதமோ 5 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம்.

கடைக்கு எழுதினேன். "சப்ளையர் சொன்னதைத்தான் சொன்னோம், நகைக்கு ரிட்டர்ன் கிடையாது, வேண்டுமானால் ஸ்டோர் கிரெடிட்" என்று பதில். அப்போ அந்த நாலு தலைமுறை? கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால், நகைக்காரரின் கடிதத்தோடு வங்கியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன். இந்த மாதிரிக் கடைகளுக்கு, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பணம் அனுப்பும் ஸெல் (Zelle) வழியாக மட்டும் அனுப்பாதீர்கள், திரும்ப வாங்குவது குதிரைக்கொம்பு.

பிசின் ஏற்றி உறுதியாக்கிய டர்க்காய்ஸ் ஏமாற்று இல்லை, சொல்லி விற்றால் சரி. கல் இயற்கையா, பதப்படுத்தியதா, யார் செய்தது, எந்தப் பழங்குடி என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். உண்மையாகவே பண்ணையிலிருந்து கடை நடத்துபவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பதில் சொல்லத் தயங்குவதில்லை.

லைவில் நான் போட்ட கமெண்ட்டை அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்கள். போன வாரம் தோழி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். அதே டிசைன் மாலை, அதே விலை. இந்தத் தடவை, அரிசோனாவின் வேறொரு சுரங்கத்தின் பெயரைச் சொல்லி 'கிங்மேன் டர்க்காய்ஸ்' என்று போட்டிருந்தார்கள்.