வானிலைப் படக்கதையோடு வரும் செயல்பாட்டுத் தொகுப்பு: எது தேறும், எது தேறாது

மழையையோ காற்றையோ பற்றிய படக்கதைகளுக்குத் துணையாக வகுப்பறைச் செயல்பாட்டுத் தொகுப்புகள் விற்கிறார்கள். பெட்டியாக வந்தாலும் அச்செடுக்கும் தாள்களாக வந்தாலும் உள்ளே சுற்றிச் சுற்றி அதே எட்டுதான்: ஷேவிங் ஃபோம் மேகம், ஜாடிக்குள் மேகம், ஜிப் பைக்குள் நீர்ச்சுழற்சி, மழைமானி, காற்றுத் திசைகாட்டி, பஞ்சு மேகங்கள், தினசரி வானிலை அட்டவணை, கையால் எழுப்பும் மழைச்சத்தம். ஐந்து முதல் எட்டு வயது வரையிலான வகுப்புக்கு இவற்றில் எது உதவும் என்பதே இங்கே கேள்வி. அளவுகோல் ஒன்றுதான்: செய்து முடித்த பிள்ளை புத்தகத்தை மறுபடி புரட்டியோ, ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தோ எதையாவது கேட்கிறதா?

அட்டைப்படத்தில் எப்போதும் இடம்பிடிப்பது ஷேவிங் ஃபோம் மேகம். கண்ணாடி டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர், மேலே நுரை, அதன்மேல் சொட்டுச் சொட்டாக வண்ணநீர். சற்று நேரத்தில் நுரைக்கு அடியிலிருந்து நீலம் இழைஇழையாக இறங்கும். அழகுக்குக் குறைவில்லை. நுரை இரண்டு விரல்கடைக்கு மேல் போனால் சொட்டு கீழே வந்து சேர்வதற்குள் பிள்ளைகளின் பொறுமை போய்விடும். ஜெல் வகை வாங்கினால் காரியமே ஆகாது. இதெல்லாம் சமாளிக்கக்கூடிய சிக்கல்கள். சமாளிக்க முடியாதது, இது பதிய வைக்கும் பாடம். மேகம் என்பது தண்ணீரைக் குடித்து ஊறி, தாங்க முடியாமல் ஒழுகும் பஞ்சு என்றுதான் பிள்ளை புரிந்துகொள்கிறது. உண்மையில் மேகமே நீர்த்துளிதான். சராசரி மேகத்துளியின் விட்டம் ஏறக்குறைய 0.02 மி.மீ.; அப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் 2 மி.மீ. விட்டமுள்ள ஒரு மழைத்துளி.

இதற்கு நல்ல மாற்று மேசைமேலேயே கிடக்கிறது: ஒரு பிளாஸ்டிக் ஃபைல் உறையும் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலும். உறையைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு முழம் தள்ளி நின்று மெல்லிய தூவலாக இரண்டு முறை தெளியுங்கள். பொடித்துளிகள் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். இன்னும் இரண்டு முறை தெளித்தால் பக்கத்துத் துளிகள் ஒன்றையொன்று தொட்டுச் சேரும். சேர்ந்தது கனத்து, சட்டென்று கீழே ஓடும். ஓடும் வழியில் இருக்கும் துளிகளையும் வாரிக்கொண்டு போகும். மழை பிறக்கும் விதத்துக்கு இது எவ்வளவோ நெருக்கம், துடைப்பதும் சுலபம்.

ஜாடிக்குள் மேகம் ஆசிரியர் மட்டும் செய்ய வேண்டியது. ஆறேழு பேருக்கு மேல் சுற்றி நின்றால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் மூன்று விரல்கடை வெந்நீர் ஊற்றி, பக்கங்கள் சூடேறும்படி சுழற்றி, மூடியைக் கவிழ்த்து வைத்து அதில் பனிக்கட்டி போட வேண்டும். கொதிநீர் கூடாது, குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும். பல தொகுப்புகள் இத்தோடு நிறுத்திவிடுகின்றன. அதனால்தான் பலருக்கும் மேகம் வராமல் கண்ணாடியில் வியர்வை மட்டும் வருகிறது. நீராவி துளியாவதற்குப் பற்றிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையோடு உள்ளே போட்டு உடனே மூடுங்கள். ஜாடிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். ஒரு நிமிடத்தில் வெண்புகை போலச் சுழல்வது தெரியும். புகைக்குப் பதில் ஹேர்ஸ்ப்ரே அடிக்கச் சொல்லும் தொகுப்புகளும் உண்டு. அது தீப்பற்றக்கூடியது, வகுப்பறைக்கு ஆகாது.

ஜிப் பை நீர்ச்சுழற்சியில் தவறு பெரும்பாலும் ஜன்னலில்தான் இருக்கும். ‘ஏதாவது ஒரு ஜன்னலில் ஒட்டவும்’ என்று போட்டிருப்பார்கள். நேரடி வெயில் படாத ஜன்னலில் நாள் முழுக்கத் தொங்கினாலும் பெரிதாக எதுவும் நடக்காது. சூரியனையும் மேகத்தையும் அழியாத மார்க்கரால் முதலில் வரைந்துவிட்டு, பிறகு நாலு மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றுங்கள். நனைந்த பையில் மை நிற்காது. வாயை மூடி, அதன் மேலும் ஒரு வரிசை டேப் ஒட்டுங்கள். நீலச்சாயம் கலக்கச் சொல்வது ‘கடல் போலத் தெரிய’ என்பதற்காகவாம். அந்தச் சாயத்துக்கு அதைவிட நல்ல பயன் இருக்கிறது, அதைத் தொகுப்பு கவனிக்கவில்லை. மேலே படிந்திருக்கும் துளிகளைக் கிட்டத்தில் பாருங்கள்: நிறமே இருக்காது. கீழே நீலம், மேலே தெளிந்த நீர். சாயம் ஏறவில்லை, தண்ணீர் மட்டும் ஏறியது. கடல் உப்பாக இருக்க மழை ஏன் உப்புக் கரிக்கவில்லை என்ற கேள்விக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மழைமானிதான் இத்தொகுப்புகளில் ஆக உருப்படியானது, ஆனால் பெட்டியோடு வரும் மழைமானியை நம்ப வேண்டாம். பல பெட்டிகளில் வாய் அகலம், குழாய் குறுகல். பக்கத்தில் சாதாரண மில்லிமீட்டர் கோடுகள். வாயின் விட்டம் 10 செ.மீ., குழாயின் விட்டம் 5 செ.மீ. என்றால் பரப்பு நாலு மடங்கு, 10 மி.மீ. பெய்த மழை 40 என்று காட்டும். பக்கங்கள் நேராக உள்ள இரண்டு லிட்டர் பாட்டிலை, தோள்பட்டை வளையத் தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்துண்டைக் கவிழ்த்துப் புனலாக வைத்தால் வாயும் உடலும் ஒரே அளவாகிவிடும். வெட்டிய விளிம்புக்கு டேப் சுற்ற வேண்டும். அடிப்பாகம் வளைந்தும் குழிந்தும் இருப்பதால் நேர்ப்பகுதி தொடங்கும் வரை கூழாங்கல் போட்டு, அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி அதையே சுழியம் என்று குறியுங்கள். கல் இருப்பதால் காற்றில் சாயாது. வெயில் நாளில் இந்தத் தண்ணீர் குறையும். தினமும் காலையில் சுழியத்துக்கு நிரப்பாவிட்டால் அடுத்த மழையின் கணக்கு குறைந்து போகும். சுவரோ மரமோ இருந்தால், அதன் உயரத்தைப் போல் இரு மடங்கு தள்ளி வைப்பது நல்லது. கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கித்தான் படிக்க வேண்டும்.

பக்கத்தில் ஒரு குண்டு டப்பாவும் ஒல்லி டப்பாவும் வையுங்கள், இரண்டும் நேர்ச்சுவர் உள்ளவையாக. எதில் நீர்மட்டம் உயரமாக இருக்கும் என்று மழைக்கு முன்பே பந்தயம் கட்டச் சொல்லுங்கள். ஒல்லி டப்பாவுக்குத்தான் ஆதரவு குவியும். மட்டம் இரண்டிலும் ஒன்றுதான். மழையை ஏன் லிட்டரில் சொல்லாமல் மில்லிமீட்டரில் சொல்கிறார்கள் என்பதற்கு வாசல் இங்கே திறக்கும். பெரிய பிள்ளைகளுக்கு இன்னொரு கணக்கு: ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் சரியாக ஒரு லிட்டர்.

காற்றுத் திசைகாட்டிக்கான அச்சுத்தாளில் அம்பின் தலையும் வாலும் சம அளவில் இருந்தால் அந்தத் தாளைத் தூக்கிப் போடுங்கள். வால் பரப்பில் தலையைப் போல் இரு மடங்காவது இருந்தால்தான் காற்று வாலைத் தள்ளி, தலை காற்று வரும் பக்கம் திரும்பும். ஸ்ட்ராவின் நடுவில் குண்டூசி குத்தி, பென்சிலின் ரப்பரில் இறக்கி, இரண்டுக்கும் இடையில் ஒரு பாசிமணி கோக்க வேண்டும். இல்லாவிட்டால் உராய்ந்து நிற்கும். வால் பக்கம் தாழ்ந்தால் தலைநுனியில் துளி களிமண். அம்பு காற்று போகும் திசையைத்தான் காட்டும் என்று எல்லாப் பிள்ளைகளும் நினைப்பார்கள். தமிழில் சொல்லிக் கொடுப்பவர்களுக்கு இங்கே வேலை மிச்சம்: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். பெயரே புறப்பட்ட இடத்தைச் சொல்லிவிடுகிறது.

பஞ்சு மேகங்களுக்குப் பெரிய குறையில்லை. பஞ்சை உருட்டி ஒட்டவிடாமல், கீற்று மேகத்துக்கு இழுத்து, திரள் மேகத்துக்குக் குவித்து, படலமாகப் பரவும் படை மேகத்துக்குத் தட்டி ஒட்டச் சொன்னால் போதும். அட்டவணையில் ஒரு நாளுக்கு ஒரே கட்டம்தான் இருக்கும். காலையில் வெயில், மதியம் மழை என்றால் சண்டை வரும். கட்டத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். படக்குறிகளில் மழைத்துளி கண்ணீர் வடிவில்தான் இருக்கும். சின்னத் துளி உருண்டை, பெரிய துளி அடி தட்டையான பன் வடிவம் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

மழைச்சத்தத்துக்கு எந்தப் பொருளும் வேண்டாம். முதல் வாசிப்பில் கதையைத் தடுக்காமல் படித்துவிட்டு, இரண்டாம் வாசிப்பில் புயல் பக்கம் வரும்போது செய்யுங்கள்: உள்ளங்கை தேய்த்தல், விரல் சொடுக்குதல், தொடை தட்டுதல், கால் மிதித்தல், பிறகு அதே வரிசையில் பின்னோக்கி. எல்லாரும் ஒரே நேரத்தில் மாறினால் வெறும் இரைச்சல்தான் வரும். ஆசிரியர் கை காட்டக் காட்ட வரிசை வரிசையாக மாற வேண்டும். அப்போதுதான் மழை அறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நகர்ந்து போவது காதில் விழும். சொடுக்கத் தெரியாத பிள்ளைகள் இரண்டு விரலால் உள்ளங்கையில் தட்டட்டும், சத்தம் கிட்டத்தட்ட அதேதான்.