'ஆட்கள் தேவை' பலகையை நம்பிப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு புடவைக்கடையில் நான்கு மாதங்கள் வேலை செய்து, கடைசி மாதச் சம்பளம் இல்லாமல் வெளியேறினேன். தீபாவளிக்கு ஆள் சேர்க்கும் காலம் நெருங்குகிறது. நம் பிள்ளைகள் இன்னும் பலர் அந்தப் படி ஏறுவார்கள் என்பதால் எழுதுகிறேன்.

விற்பனைப் பகுதியில் ஆறு பேர் என்று சொல்லித்தான் முதலாளி என்னை எடுத்தார். போய்ப் பார்த்தால், என்னோடு சேர்த்து இரண்டே பேர். "அடுத்த கிழமை ஆட்கள் வருவார்கள், அதுவரை சமாளியும் பிள்ளை" என்றார். அந்தக் கிழமை வரவே இல்லை. கொழும்பிலிருந்து வரும் பொதிகளை இறக்குவது, சேலைகளை விரித்துக் காட்டுவது, மடித்து அடுக்குவது, பில் போடுவது, கூட்டுவது எல்லாம் நாங்கள்தான். காலை எட்டரைக்குத் தொடங்கினால் இரவு எட்டரை. மதியச் சோற்றுப் பொதியை மூன்றரைக்குப் பிரித்த நாட்கள் உண்டு. காத்திருந்து சலித்தவர்களின் ஏச்சும் எங்களுக்குத்தான். அவசரத்தில் பில் பிழைத்தால் அந்தக் காசு சம்பளத்தில் கழியும். கூட வேலை செய்த அக்காவின் மகனுக்குக் கடும் காய்ச்சல் வந்த அன்றும் அவரை விடவில்லை.

ஆள் கிடைக்கவில்லை என்பதை நானும் நம்பியிருந்தேன். ஒருநாள் வேலை கேட்டு வந்த இரண்டு பிள்ளைகளை, "இப்போது இடமில்லை" என்று என் கண் முன்னாலேயே அனுப்பிவிட்டார். வாசலில் பலகை தொங்கிக்கொண்டிருந்தது! நான்கு பேரின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கத்தான் எங்கள் முதுகு முறிந்தது.

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45 மணித்தியாலம்தான் வேலை. அதற்கு மேல் என்றால் ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கென்று முதலாளி என் சம்பளத்தில் 8 வீதம் பிடித்தார். அந்த நிதியில் என் அங்கத்துவ இலக்கம் என்ன என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. அடுத்த கிழமையே நின்றுவிட்டேன்.

வேலைக்குச் சேருமுன் ஒரு மாலை ஏழு மணிக்கு அந்தக் கடைக்குள் போய் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நியமனக் கடிதத்தைக் கையில் வாங்குங்கள். வந்த நேரம், போன நேரத்தை ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுத்தபோது, என்னிடம் சான்றாக இருந்தது அப்படி எழுதிய கொப்பி ஒன்றுதான்.