கடற்கரை மணலில் ரிமோட் டிரக்கின் இரைச்சல்: எந்தப் பேரிங், எந்தப் பல்சக்கரம்?

ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையிலும் அரிச்சல்முனைச் சாலையோர மணல்மேடுகளிலும் ரிமோட் டிரக் ஓட்டுபவர்களிடையே, வண்டி இரையத் தொடங்கியதும் இரண்டு யோசனைகள்தான் எழுகின்றன. பேரிங்குகளை மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. பிளாஸ்டிக் கியரைக் கழற்றிவிட்டு இரும்பு கியர் போட வேண்டும் என்கிறது மற்றொரு தரப்பு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமலேயே இரு தரப்பினரும் பணம் செலவழிக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தப் பரிந்துரைகள் பெரும்பாலும் தார்த்தளத்திலும் கம்பளத் தடத்திலும் ஓடும் வண்டிகளுக்காகச் சொல்லப்பட்டவை என்பதே. நமது கரையில் நுண்மணலும் உப்பும் சேர்ந்து தாக்குவதால், அங்கே சிறந்ததாகக் கருதப்படும் பாகம் இங்கே சீக்கிரம் பழுதாகிறது.

எதையும் வாங்குவதற்கு முன் சத்தத்தைப் பிரித்தறிய வேண்டும். மோட்டாரைத் தாங்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, பினியனை (மோட்டார் தண்டில் உள்ள சிறு பல்சக்கரம்) ஸ்பர் கியரிலிருந்து (அதனோடு இணையும் பெரிய பல்சக்கரம்) விலக்கி, மோட்டாரை மட்டும் மிகக் குறைந்த வேகத்தில் சில நொடிகள் சுழற்றிப் பாருங்கள். அப்போதும் கரகரப்பு இருந்தால் கோளாறு மோட்டாரில்தான், பெரும்பாலும் அதன் பேரிங்கில். கியர் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. மோட்டார் அமைதியாகச் சுழன்றால், அடுத்து ஸ்பர் கியரை விரலால் மெல்ல உருட்டுங்கள். ஒரே சீராக நறநறப்பது மணல். ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் தட்டுவது உடைந்த பல் அல்லது வளைந்த தண்டு. ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது மட்டும் முன்பக்கத்தில் டிக் டிக்கென்று கேட்டால், டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) மூட்டு தேய்ந்திருக்கிறது. வேகத்தைத் திடீரெனக் கூட்டும்போது மட்டும் கடகடவென்று கேட்டால், டிஃப் (டிஃபரன்ஷியல், இருபக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பெட்டி) கியர் பல் தாவுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது திக்கித் திக்கி நகர்வதும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரின் மெல்லிய விசில் ஓசையும் பல்சக்கரங்களைச் சார்ந்தவையே அல்ல. இவற்றைக் கேட்டுப் பேரிங் மாற்றியவர்கள் நிறையப் பேர்.

பேரிங்கே குற்றவாளி என்று உறுதியான பிறகு, தேர்வு மூன்று வகைகளுக்கு இடையே அமைகிறது. பல வண்டிகளில் காணப்படும் 5×11×4 மி.மீ. அளவை எடுத்துக்கொள்வோம், பேரிங் கடைகளில் இதன் எண் எம்ஆர் 115. இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால், வண்டி நிறுவனத்தின் பொட்டலத்துக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்றிருந்தால் இருபுறமும் உலோகத் தகடு; 2ஆர்எஸ் என்றிருந்தால் இருபுறமும் ரப்பர் மூடி. உலோகத் தகடு உள்வளையத்தைத் தொடுவதில்லை. மெல்லிய இடைவெளி இருப்பதால் உரசல் குறைவு, வண்டி இலகுவாக உருளும். பந்தயத் தடத்தில் அது ஆதாயமாக இருக்கலாம். ஆனால் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையின் மீதே மணல் ஏறிக் கிடக்கும்போது, அதே இடைவெளிதான் நுண்மணலுக்கு வாசலாகிறது. ரப்பர் மூடி உள்வளையத்தைத் தொட்டு நிற்பதால் சிறிது இழுவை கொடுக்கும். புதிய பேரிங்கை விரலில் மாட்டிச் சுண்டினால் அது சீக்கிரம் நின்றுவிடும். அதைக் குறை என்று எண்ணித் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. ஓடும் வண்டியில் அந்த இழுவையால் பேட்டரி நேரத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் ஏற்படுவதில்லை.

ரப்பர் மூடிக்கு இன்னொரு பெரும் நன்மை உண்டு. நுண்ணிய ஊசியின் முனையை உள்விளிம்பில் செருகி மெல்ல நெம்பினால் மூடி வளையாமல் எழும்பி வரும். உள்ளே கிரீஸ் பழுப்பேறிக் குழம்பாகியிருந்தால் மண்ணெண்ணெயில் அலசி, காயவைத்து, குண்டுகளுக்கிடையே சிறிதளவு புதிய கிரீஸை இட்டு, மூடியை விரலால் அழுத்திவிடலாம். உலோகத் தகட்டைப் பெரும்பாலும் சேதமின்றித் திரும்பப் பொருத்த முடியாது. மூன்றாவது வகையான செராமிக் பேரிங்கை இந்தக் கரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதில் குண்டுகள் மட்டுமே சிலிக்கான் நைட்ரைடு; வளையங்கள் பெரும்பாலும் எஃகுதான், ஆகவே உப்பு நீர் பட்டால் அவை துருப்பிடிக்கும். கூடுதல் பணம் செலவழிப்பதானால், துருவைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் எஃகில் ரப்பர் மூடியோடு வருவதை வாங்குவதே பொருத்தம். அதிலும் உப்பு தங்கவிட்டால் புள்ளிப்புள்ளியாக அரிப்பு வரும்.

பல்சக்கரங்களுக்கு வருவோம். இரும்பு ஸ்பர் கியர் எளிதில் உடையாது என்பது உண்மைதான். அந்த உறுதிக்கு ஒரு விலையும் உண்டு. சக்கரம் மணலில் புதைந்து திடீரென நிற்கும்போது எழும் அதிர்ச்சியை நைலான் கியர் தன் பற்களை இழந்து வாங்கிக்கொள்கிறது. இரும்பு கியர் அதை அப்படியே டிஃபுக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் தள்ளிவிடுகிறது. மேலும் இரும்போடு இரும்பு உரசும் இடத்தில் கிரீஸ் இல்லாவிட்டால் கிறீச்சிடும்; கிரீஸ் இட்டால் மணல் ஒட்டிக்கொண்டு சாணைப் பசையாக மாறி இரு கியர்களையும் அரைத்துவிடும். கியர் மூடி இருந்தாலும் பெரும்பாலான வண்டிகளில் அது காற்றுப் புகாதபடி பொருந்துவதில்லை. மூடியைத் திறந்து வெள்ளைத்தாளின் மீது தட்டிப் பாருங்கள். ஒரு மாலை ஓட்டத்திலேயே மஞ்சள் மணலும் சிப்பித் துணுக்கும் உதிரும். நைலான் ஸ்பரும் கடினப்படுத்திய எஃகுப் பினியனும் உலர்வாகவே ஓடும் என்பதால், என் தேர்வு அந்த இணைதான். அதிலும் ஒரு குறை உண்டு: மென்மையான நைலான் பற்களில் மணல்துகள் பதிந்து எஃகுப் பினியனைத் தேய்க்கும். ஆகவே ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பழைய பல்துலக்கியால் பற்களின் இடுக்கைத் துலக்கியாக வேண்டும். அலுமினியப் பினியன் எடை குறைந்ததே தவிர, மணலில் அது நிற்காது.

புதிய கியர் போட்டும் இரைச்சல் தீரவில்லையென்றால் பல்லளவைச் சரிபாருங்கள்; பிட்ச், மாட்யூல் இரண்டும் அதைக் குறிக்கும் அளவுமுறைகள். 32 பிட்ச் என்பது ஏறத்தாழ 0.79 மாட்யூல், ஆகவே 0.8 மாட்யூலோடு அதைச் சேர்த்து ஓட்டுபவர்கள் உண்டு, ஓடவும் செய்யும். 48 பிட்ச் ஏறத்தாழ 0.53 மாட்யூல், அதை இவற்றோடு சேர்த்தால் பற்கள் அழிவது நிச்சயம். இடைவெளியைச் சரிசெய்ய, மெல்லிய தாள்துண்டு ஒன்றை இரு கியர்களுக்கிடையே வைத்து, மோட்டாரை அழுத்தி ஸ்க்ரூவை முறுக்கிய பின் தாளை உருட்டி எடுங்கள். தாளில் மடிப்புத் தடம் சீராக விழுந்து, தாள் கிழியாமல் வந்தால் சரி. கிழிந்து வந்தால் இறுக்கம் அதிகம். அப்படியே ஓட்டினால் உய்யென்று ஊளையிடும், மோட்டாரும் சூடேறும். தடம் மங்கலாக இருந்தால் ஆட்டம் அதிகம். ஸ்பர் கியர் மிகச் சரியான வட்டமாக இருப்பதில்லை என்பதால், சுற்றிச் சுற்றி நான்கைந்து இடங்களில் பார்ப்பது நல்லது.

பாம்பனிலும் மண்டபத்திலும் படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸ் எளிதாகக் கிடைக்கிறது. தண்ணீரில் கரைந்து போகாது என்பதால் அதை எல்லா இடத்திலும் அப்பிவிடும் பழக்கம் இருக்கிறது. டிஃப் பெட்டிக்குள் உள்ள ரிங் கியருக்கும் (பெரிய வளையப் பல்சக்கரம்) அதைச் சுழற்றும் சிறு பினியனுக்கும் அது நன்றாகவே உதவும், ஏனெனில் அந்தப் பெட்டி மூடப்பட்டது. சிறு பேரிங்குக்கு அது கெட்டியானது. திறந்த ஸ்பர் கியருக்கு முற்றிலும் ஆகாது. துரு நீக்கும் ஸ்பிரேயைப் பேரிங்கில் அடித்தால் சத்தம் உடனே குறையும். இருந்த கிரீஸையும் அது கரைத்து வெளியேற்றிவிடுவதால் சில நாட்களில் சத்தம் இன்னும் கூர்மையாகத் திரும்பும். அதை அடித்தால் பின்னாலேயே எண்ணெயோ கிரீஸோ இட வேண்டும்.

டிஃப் பல் தாவுவதற்குப் புது கியர் வாங்குவதா, ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையத் தகடு) போடுவதா என்ற கேள்விக்கு விடை பல்லின் முனையிலேயே இருக்கிறது. முனை கூராகவோ உருண்டோ தேய்ந்திருந்தால் ஷிம் பயன்படாது, கியரையே மாற்ற வேண்டும். பல் முழுமையாக இருந்து ஆட்டம் மட்டும் இருந்தால், ரிங் கியருக்குப் பின்னால் 0.1 அல்லது 0.2 மி.மீ. ஷிம் ஒன்று போதும். கையால் உருட்டும்போது எங்கும் பிடிக்காத வரை மட்டுமே ஷிம் சேர்க்க வேண்டும்.

கையில் கொஞ்சமே பணம் இருந்தால், சக்கரங்களின் 8 பேரிங்குகளை முதலில் ரப்பர் மூடி வகைக்கு மாற்றுங்கள். மணலுக்கும் அலைநீருக்கும் மிக அருகில் இருப்பவை அவையே. ஸ்பர் கியர் அதற்கு அடுத்தது, டிஃப் கடைசி. கடல்நீர் பட்ட நாளில், எலக்ட்ரானிக்ஸை நனைக்காமல் அச்சுப் பகுதிகளை நல்ல தண்ணீரால் கழுவி, அன்றிரவே உலரவைத்துவிடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால், விடிவதற்குள் வளையங்களில் துரு ஏறத் தொடங்கிவிடும்.